ஒரு பீடம், இரண்டு கூடங்கள்: வடக்கன்குளம் பங்கின் வரலாறு

பங்கு வரலாறு எழுதப் புகுவோர் பங்குத்தந்தையர் பட்டியல், கோயில் எழும்பிய ஆண்டு, திருவிழாச் சிறப்பு ஆகியவற்றோடு நின்றுவிடுவதே நம்மிடையே வழக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே உள்ள வடக்கன்குளத்தின் வரலாறு இந்த வழக்கத்துக்குள் அடங்காது. 1745 மே 14 அன்று, பரஞ்சோதிநாதர் எனப்பட்ட புத்தாரி அடிகளார் திருவிதாங்கூர் அரசப் பணியாளர் நீலகண்ட பிள்ளைக்குத் தேவசகாயம் என்று பெயரிட்டுத் திருமுழுக்குக் கொடுத்த ஊர் இது. அந்தப் பெருமை எல்லாப் பங்கு மலர்களிலும் இடம்பெறும். ஆனால் இப்பங்கின் உண்மையான ஆவணம் அதன் கோயில் கட்டடம்தான் என்பது என் கருத்து.

1872-இல் எழுந்த திருக்குடும்பக் கோயிலில் இரண்டு நீண்ட கூடங்கள் கோணமாக வந்து ஒரே பீடத்தில் சேர்ந்தன. ஒன்றில் வேளாளர் அமர்ந்தனர், மற்றதில் நாடார் முதலிய பிறர். பீடத்தில் நிற்கும் குரு இரு பக்கத்தையும் பார்க்கலாம். ஒரு பக்கத்தார் மறு பக்கத்தாரைப் பார்க்க முடியாது. இதைக் ‘கால்சட்டைக் கோயில்’ என்று கேலியாகச் சொன்னவர்கள் அமைப்பைச் சரியாகவே சொன்னார்கள். இது அறியாமல் நேர்ந்த பிழையன்று. வரைபடம் போட்டு, அளந்து, செங்கல் அடுக்கிக் கட்டிய ஓர் உடன்படிக்கை.

‘அந்தக் காலத்தில் குருக்களுக்கு வேறு வழியில்லை’ என்பார்கள். அதில் உண்மை உண்டு. 1833-இல் ஆங்கிலிக்க ஆயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைக் கைவிடுமாறு தென்னிந்தியச் சபைகளுக்குக் கட்டளையிட்டபோது தஞ்சைப் பகுதியில் பலர் சபையையே விட்டு விலகினர். மக்களை இழந்துவிடுவோம் என்ற அச்சம் வெற்று அச்சமல்ல. ஆயினும் அந்த அச்சம் யாரைப் பற்றியது என்று கேட்க வேண்டும். வேளாளர் போய்விடுவார்களே என்ற கவலை கல்லும் சுண்ணாம்புமாக உருவெடுத்தது. ஒதுக்கப்பட்டவர் மனம் நோகுமே என்ற கவலை வரைபடத்தில் ஒரு கோடாகக்கூட விழவில்லை.

1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் இரு கூடங்களையும் பிரித்த தடுப்பு இடிக்கப்பட்டது. வேளாளர் தரப்பு வழக்குத் தொடுத்தது. தங்கள் பகுதிக்குள் பிறர் வரக்கூடாது என்பது அவர்கள் கேட்ட உரிமை. மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்ற அவ்வழக்கில், திருச்சிராப்பள்ளி ஆயருக்கு எதிரான அக்கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. இதைச் சமத்துவத்தின் வெற்றி என்று எழுதிவிட ஆசை வரும். சற்று நிதானிக்கலாம். கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில் வழக்கில் நாடார்களுக்கு நுழைவுரிமை இல்லை என்று பிரிவி கவுன்சில் 1908-இல்தான் தீர்ப்பளித்திருந்தது. அங்கே நெடுநாள் வழக்கம் சட்டமாயிற்று. இங்கே ஆயரின் அதிகாரம் வழக்கத்தை வென்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், வடக்கன்குளத்தில் வென்றது முதலில் திருச்சபையின் ஆட்சியுரிமை, சமத்துவம் அதன் நிழலில் வந்தது என்று தெரியும். அதிகாரத்தால் கட்டியதை அதிகாரமே இடித்தது.

அப்படியானால் மக்களுக்கு இதில் பங்கே இல்லையா என்ற மறுப்பு எழும். உண்டு, பெரிய பங்கு உண்டு. எண்ணிக்கையிலும் கல்வியிலும் வணிகத்திலும் நாடார் சமூகம் உயர்ந்துவந்த காலம் அது. ஒரு பக்கத்தாரின் விலகலுக்கு மட்டும் அஞ்சிய நிலை அதனால் மாறியது. குருவின் மனசாட்சி விழித்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அது தானாக விழித்துவிடவில்லை. மேலும், இந்த வழக்குக் கட்டில் வேளாளரும் நாடாரும்தான் பெரிதாகத் தெரிகிறார்கள். தலித் கிறிஸ்தவர்களின் குரலைத் தேட வேண்டியிருக்கிறது. தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரிக்க எழுப்பிய திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவரை அறிந்தவர்களுக்கு 1910 முடிவல்ல என்று சொல்லத் தேவையில்லை.

‘கொண்டாட்ட மலரில் பழைய புண்ணைக் கிளறுவானேன்?’ என்பது கடைசி எதிர்ப்பு. ரோமாபுரியே இதற்குப் பதில் தந்திருக்கிறது. 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரில் ‘பிள்ளை’ என்ற சாதிப் பட்டம் இல்லை; அது வேண்டுகோளின் பேரில் முன்பே நீக்கப்பட்டிருந்தது. பெயரிலிருந்து சாதியை எடுத்த பின் சுவரை மறைப்பது பொருந்தாது. எனவே இனி வரும் பங்கு மலர்களில் திருவிழாப் படங்களுக்கு நடுவே 1872-இன் தரைப்படத்தையும் உயர் நீதிமன்றத் தீர்ப்பின் தமிழாக்கத்தையும் சேர்த்து அச்சிடுமாறு பதிப்புக் குழுவினரை வேண்டுகிறேன்.