கையைக் கடிக்காத சாப்பாடு

மலர்க் குழு நண்பர்கள், "நீங்க வரலாறு படிச்சவர்தானே, ஒரு கட்டுரை தாங்க" என்று கேட்டார்கள். அரசர்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் நமக்கு நெருக்கமான ஓட்டல் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். விலை குறைந்தபோதெல்லாம் அந்தச் சுமையை யார் தாங்கினார்கள் என்பதே என் கேள்வி.

நம் காலத்து வழிகள் எல்லோருக்கும் நினைவிருக்கும். எடுப்புச் சாப்பாடு ஒன்று வாங்கினால் அறையில் இரண்டு பேர் பங்கிட்டுக் கொள்ளலாம். பற்றாக்குறைக்குச் சோறு மட்டும் வடித்துக்கொள்வோம். மெஸ்ஸில் மாதத் தொடக்கத்திலேயே டோக்கன் புத்தகம் வாங்கியவர்களுக்கு விலை சற்றுக் குறைவு. மெஸ்காரருக்கும் அரிசி, பருப்பு வாங்க முன்பணம் கிடைத்தது. இருவருக்கும் நன்மை. அளவுச் சாப்பாட்டில் மட்டும் மறுசோறு கிடையாது. அங்கே விலைக் குறைவைத் தாங்கியது நம் வயிறுதான்!

தொழிலாளர்களே வழி கண்ட கதையும் உண்டு. காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூட முனைந்தபோது, ஏ.கே. கோபாலன் ஊக்கமளிக்க, ஊழியர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள். முதல் சங்கம் 1957-இல் பெங்களூரில் தொடங்கியது. லாபம் தனி முதலாளிக்குப் போகாததால் கட்டுப்படியான விலையில் காபி தர முடிந்தது. ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அரசியல் பேசியவர்களையும் அந்த மேசைகள் தாங்கின.

சட்டம் போட்டு விலையைக் குறைத்தால் என்ன ஆகும்? பெங்களூரில் 1924-இல் தொடங்கிய எம்.டி.ஆர். இதற்குச் சாட்சி. நெருக்கடி நிலைக் காலத்தில் (1975–77) ஓட்டல் பண்டங்களுக்கு அரசு மிகக் குறைந்த விலை நிர்ணயித்தது. தரத்தைக் குறைக்க மனமில்லாத எம்.டி.ஆர். நஷ்டப்பட்டு, சில காலம் ஓட்டலையே மூடியது. அப்போது ஊழியர்களுக்கு வேலை தருவதற்காகத் தொடங்கியதுதான் அதன் மாவு, மசாலா வியாபாரம்.

சென்னையில் 2013-இல் அம்மா உணவகங்கள் வந்தன. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைத்தார்கள். அந்த விலைக்கு இட்லி கட்டுப்படியாகாது என்பது சமைத்தவர்களுக்கும் தெரியும், சாப்பிட்டவர்களுக்கும் தெரியும். மீதியைப் பொதுப்பணம் தாங்கியது.

ஆக, மலிவுச் சாப்பாடு என்று தனியாக ஒன்று இல்லை. விலையில் ஒரு பங்கை வேறு யாரோ தருகிறார்கள், அவ்வளவுதான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இன்றும் நம் கல்லூரியில் இருக்கிறார்கள். பசித்தால் பாடம் ஏறாது என்பது நமக்குத் தெரியாததா? கேண்டீனில் ஒரு மாத டோக்கன் புத்தகத்தை நம்மில் ஒவ்வொருவரும் ஏற்றுக்கொண்டால் என்ன? பெயர் வேண்டாம், பலகை வேண்டாம். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவோம்.