சரபோஜியின் மின்பொறி: இதய மின்னியல் வரலாற்றில் அதன் இடம்

1826 மார்ச்சில் பிஷப் ஹீபருடன் தஞ்சை வந்த தாமஸ் ராபின்சன், அவ்வூர் மன்னர் இரண்டாம் சரபோஜியின் ஆங்கில நூலகத்தை விவரித்துவிட்டு, அடுத்த அறையில் கண்டவற்றை ஒரு பட்டியலாகத் தருகிறார்: காற்றிறைப்பான், மின்பொறி, தந்தத்தாலான எலும்புக்கூடு, வானியல் கருவிகள், மேலும் சில நூற்பேழைகள். அப்பேழைகளில் பல நூல்கள் மருத்துவம் பற்றியவை. சில ஆண்டுகள் அதுவே மன்னர் பெரிதும் விரும்பிய படிப்பு என்கிறார்.

சாவித்திரி பிரீதா நாயர் 2005-இல் எழுதிய கட்டுரை, புரூனோ லதூரின் சொல்லாட்சியைக் கொண்டு சரபோஜியின் தஞ்சையைக் 'கணிப்பின் மையம்' என்று வரையறுத்தது. தஞ்சையை ஐரோப்பிய அறிவின் வெறும் எல்லைப்புறமாகக் கண்ட பழைய போக்கை அது தகர்த்தது. அந்தக் கடன் எனக்கும் உண்டு. ஆனால் அச்சட்டகம் பொருள்கள் எங்கிருந்து வந்து எங்கே குவிந்தன என்பதில்தான் கண்ணைச் செலுத்துகிறது. வந்த பொருள் எதன் பக்கத்தில் வைக்கப்பட்டது என்ற கேள்வி அதற்குள் அடங்குவதில்லை. மின்பொறியைப் பொறுத்தவரை அதுவே முதற்கேள்வி.

ராபின்சனின் வரிசையை மீண்டும் பார்க்கலாம். மருத்துவ நூல்கள் பெரிய நூலகக் கூடத்தில் குறிக்கப்படவில்லை. எலும்புக்கூடும் மின்பொறியும் இருந்த அறையில் குறிக்கப்படுகின்றன. அக்காலத்தில் பக்கவாதத்துக்கு மின்னதிர்ச்சி தருவது ஐரோப்பிய மருத்துவத்தில் வழக்கம். ஆகவே இப்பொறி வேடிக்கைப் பொருள் அன்று, மருத்துவக் கருவியாகவே அங்கு நின்றது என்று கொள்கிறேன். வானியல் கருவிகளும் அதே அறையில்தானே இருந்தன என்று கேட்கலாம். தடை நியாயமானதே. ஆயினும் மருத்துவம் மன்னரின் விருப்பப் படிப்பு என்ற குறிப்பு இவ்விடத்தில் வருவதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. பொறி வந்த ஆண்டைப் பற்றி, 1826-க்கு முன் என்பதற்கு மேல் இந்தச் சான்று பேசாது.

அதே சமயம் இப்பொறியை, இதயத்தின் மின்சாரத்தைப் பதியும் ஈசிஜியின் மூதாதை ஆக்கிவிடவும் கூடாது. கண்ணாடியை உராய்ந்து இயங்கும் அக்கால மின்பொறி மின்சாரத்தைக் கொடுக்கும். உடலின் மின்சாரத்தை அறியாது. அது பத்தாயிரக்கணக்கான வோல்ட்டை எழுப்பும். நெஞ்சின் தோலில் இதயம் காட்டுவதோ ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட். இடைவெளி கோடி மடங்குக்கும் மேல். காவிரி டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கண்ணாடியில் மின்னேற்றம் நிற்பதும் கடினம்.

கொடுத்த மின்சாரத்துக்கு இதயம் அசையுமா என்பதே அன்று தீராத வழக்கு. 1775-இல் டென்மார்க்கின் அபில்கோர் அதிர்ச்சியால் சாய்ந்த கோழியை, மார்பில் தந்த இன்னோர் அதிர்ச்சியால் எழுப்பினார். பிரெஞ்சு உடலியலாளர் பிஷாவுக்கோ கால்வானிய மின்சாரத்தால் இதயத்தை அசைக்க முடியவில்லை. 1802-இல் தூரின் நகர மருத்துவர்கள் அசைத்ததாக அறிவித்தனர். இந்த முரணுக்கு ஒரு காரணம் தசையிலேயே இருக்கக்கூடும். துடித்த இதயத் தசை சற்று நேரம் அடுத்த தூண்டலை ஏற்காது. ஏற்கும்போதோ முழுமையாகத் துடிக்கும். முழுத்துடிப்பை 1871-இல் பௌடிச்சும், ஏற்காத இடைவேளையை 1876-இல் மாரேயும் தவளை இதயத்தில் நிறுவினர். இதயத்தின் மின்சாரத்தை மனித உடலின் மேற்பரப்பிலிருந்து வாலர் பதிவு செய்தது 1887-இல். சரபோஜி மறைந்து 55 ஆண்டுகளுக்குப் பின்.

சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள், கண்களின் ஓவியங்களோடு, தஞ்சையில் எஞ்சியுள்ளன. யாருக்கு என்ன சிகிச்சை என்பதை அவை சொல்கின்றன. மின்பொறிக்கும் அத்தகைய ஓர் ஏடு அரண்மனையின் மோடி எழுத்து ஆவணங்களில் கிடைத்தால், அறையின் அடுக்குமுறையை வைத்து நான் செய்த ஊகம் நிற்கும் அல்லது விழும்.