பொய்க் கோபம்

மிருகம் கோபப்படுகிறதா, அல்லது கோபப்படுவதுபோல் நடந்துகொள்கிறதா? பழைய கேள்விதான். அது பரிசோதனைச்சாலைக்குள் வந்த பிறகு, கிடைத்த பதில்களைவிட வைக்கப்பட்ட ஒரு பெயரே அதிக காலம் ஆட்சி செய்திருக்கிறது.

ஸ்ட்ராஸ்பர்கில் கோல்ட்ஸ் என்ற உடலியலாளர் ஒரு நாயின் பெருமூளையை அகற்றி, அதைப் பதினெட்டு மாதங்கள் வளர்த்தார். அதன் கதையை 1892ல் வெளியிட்டார். நாய் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மகிழ்ச்சியின் அறிகுறி எதையும் காட்டவில்லை. ஆனால் கூண்டிலிருந்து தூக்கினால் உறுமியது, கடிக்க வந்தது. மற்றதெல்லாம் போன பிறகும் எதிர்ப்பு மிஞ்சியிருந்தது.

1925ல் ஹார்வர்டில் வால்ட்டர் கானன், மூளையின் மேற்புறணி நீக்கப்பட்ட பூனைகளிடம் இதையே கண்டார். வளைந்த முதுகு, சிலிர்த்த மயிர், நீட்டிய நகம். அதற்கு வழங்கிய பெயர் பொய்க் கோபம். புறணி இல்லையென்றால் உணர்கிற ஆள் இல்லை. ஆள் இல்லையென்றால் கோபம் பொய். தர்க்கம் சுத்தமாக இருக்கிறது. அதன் முதல் வாக்கியம் நிரூபிக்கப்படவில்லை என்பது மட்டுமே குறை. அவருடைய மாணவர் பிலிப் பார்ட் வெவ்வேறு மட்டங்களில் மூளையை வெட்டிப் பார்த்து, ஹைபோதலாமஸின் பின்பகுதி மிஞ்சும்வரை சீற்றமும் மிஞ்சுகிறது என்று 1928ல் காட்டினார்.

ஜூரிச்சில் வால்ட்டர் ஹெஸ்ஸின் வழி வேறு. கண் மருத்துவராக இருந்து உடலியலுக்கு வந்தவர். மெல்லிய கம்பிகளைப் பூனையின் மூளைக்குள் செலுத்தி மண்டையோட்டில் பொருத்தினார். பூனை விழித்து நடமாடும்போது சிறிதளவு மின்சாரம் கொடுத்து, நடப்பதைப் படம் பிடித்தார். ஹைபோதலாமஸின் சில இடங்களில் மின்சாரம் பாய்ந்தவுடன் சும்மா நின்ற பூனை காதை மடக்கிச் சீறியது. தூண்டுதல் கூடினால் பக்கத்தில் நிற்பவர்மீது பாய்ந்தது. மின்சாரம் நின்றால் பழைய பூனை. 1943ல் ப்ரூக்கருடன் எழுதிய கட்டுரையில் இதை உணர்ச்சி கலந்த தற்காப்பு என்றார். குறிபார்த்துப் பாய்கிற ஒன்றைப் பொய் என்பது அவ்வளவு சுலபமில்லை.

இதற்குள், 1941ல், அமெரிக்காவில் மாஸர்மன் மறுப்பை எழுதிவிட்டிருந்தார். அவருடைய பூனைகள் சீறிக்கொண்டே பாலையும் நக்கின. மின்சாரத்துக்கு முன்னறிவிப்பு கொடுத்துப் பழக்கியும் அதற்கு அஞ்சக் கற்கவில்லை. ஆகவே ஹைபோதலாமஸ் உணர்ச்சியின் இருப்பிடமல்ல, வெறும் விசை.

1949ல் ஹெஸ்ஸுக்கு நோபல் பரிசு. பாதியைப் பெற்றவர் லிஸ்பனின் எகாஸ் மோனிஸ் - மனநோயாளிகளின் முன்மூளை நார்களைத் துண்டிக்கும் சிகிச்சையை 1935ல் தொடங்கியவர். இந்தச் சேர்க்கையைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வெளியே தெரியும் நடத்தையே எல்லாம் என்று முடிவுகட்டிவிட்டால், அடங்கிப்போன நோயாளி குணமான நோயாளி ஆகிவிடுகிறான்.

2015ல் கலிபோர்னியாவில் டேவிட் ஆண்டர்சனின் குழு, சுண்டெலியின் ஹைபோதலாமஸில் ஒருவகை நரம்பணுக்களை மட்டும் ஒளியால் தூண்டியது. எலி உறைந்தது, தாவி ஓடப் பார்த்தது. ஒளி அணைந்த பிறகும் விளைவு நீடித்தது. தூண்டப்பட்ட இடத்தை அது ஒதுக்கக் கற்றுக்கொண்டது. மாஸர்மன் நடக்காது என்றதே நடந்தது.

ஆனால் நியூயார்க்கில் எலிகளின் அச்சத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜோஸப் லெடூ, 2012ல் வேறொரு எச்சரிக்கை தந்தார்: இவற்றை உயிர்காப்புச் சுற்றுகள் என்று சொல்வோம், பயம் என்கிற அனுபவத்தை எலியின் நடத்தையிலிருந்து படித்துவிட முடியாது.

இது கானனுக்குத் திரும்பிப் போவதல்ல. அவர் இல்லை என்றார். இவர் தெரியாது என்கிறார். பூனையைப் பொறுத்தவரை இந்த வித்தியாசம் பெரிது. இல்லாத வலிக்கு யாரும் பொறுப்பில்லை. தெரியாத வலியிடம் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.