விலகியவனும் விலக்கப்பட்டவனும்

அறத்திலிருந்து மனிதன் அந்நியமாவதைப் பேச வருபவர்கள் தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலைத்தான் முதலில் எடுப்பார்கள். நாமும் அதையே எடுப்போம். பக்கத்தில் ரிச்சர்ட் ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ நாவலையும் வைத்துக்கொள்வோம். முன்னது 1866இல் வந்தது; ருஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. பின்னது 1940இல் வந்தது. அமெரிக்காவில் அடிமை முறை 1865இலேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனால் ரைட், அடிமைகளாகப் பிறந்தவர்களின் பேரன்.

ரஸ்கோல்னிகோவ் படிப்பை நிறுத்திய சட்ட மாணவன். வறியவன்தான், ஆனால் அவன் எழுதிய கட்டுரை அச்சேறியிருக்கிறது. அசாதாரண மனிதர்களைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்றொரு கொள்கையை வகுத்து, திட்டமிட்டு, வட்டிக்குக் கொடுக்கும் கிழவியைக் கோடரியால் கொல்கிறான். அதன்பின் பெற்ற தாயிடமும் தங்கையிடமும் பேச்சு வரவில்லை. தனக்கென இருந்த இடத்திலிருந்து தானே விலகியவன் அவன். அதனால்தான் திரும்பவும் வழி இருக்கிறது. நாற்சந்தியில் மண்ணை முத்தமிட்டு உண்மையைச் சொல் என்கிறாள் சோனியா. நீதிமன்றமும் இரக்கம் காட்டுகிறது: சைபீரியாவில் எட்டாண்டுக் கடுங்காவல்.

பிக்கர் தாமஸுக்கு விலகுவதற்கு ஓர் இடமே இருந்ததில்லை. சிகாகோவின் தெற்குப் பகுதியில், எலி ஓடும் ஒற்றை அறையில் நான்கு பேர். அந்த அறையின் வாடகை டால்ட்டன் என்ற வெள்ளையரின் நிறுவனத்துக்குப் போகிறது. அதே டால்ட்டன்தான் கறுப்புச் சிறுவர்களின் மன்றத்துக்குப் பிங்பாங் மேசைகள் வாங்கித் தரும் தர்மவான்! அவர் வீட்டில் கார் ஓட்டுநராகச் சேர்ந்த முதல் இரவே அவருடைய மகள் பிக்கரின் கையால் சாகிறாள். வெள்ளைப் பெண்ணின் அறையில் தான் நிற்பது பார்வையற்ற அவளுடைய தாய்க்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் தலையணையை அழுத்திவிடுகிறான். திட்டம் ஏதுமில்லை. தீர்ப்பு, மின்நாற்காலி. அவன் போய் மண்ணை முத்தமிட எந்த நாற்சந்தி இருந்தது?

ருஷ்ய நாவலில் நம் விமர்சகர்கள் தாண்டிப்போகும் ஒருவன் உண்டு. கிழவியின் கட்டடத்தில் சாயம் பூசிக்கொண்டிருந்த மிகோல்கா, குடியானவன். போலீஸ் அவனைத்தான் பிடிக்கிறது. தூக்குப்போட முயன்று பிழைத்தவன், செய்யாத கொலையைச் செய்தேன் என்கிறான். துன்பத்தை ஏற்கும் சமய வேட்கை இது என்று விசாரணை அதிகாரி விளக்கம் சொல்கிறார். பண்ணையடிமைத்தனம் நேற்றுத்தான் முடிந்த நாட்டில் அதிகாரத்தின் முன் நின்ற ஏழையின் பயம் என்று ஏன் வாசிக்கக் கூடாது?

இரண்டு நாவல்களிலும் இரண்டாவது பிணம் ஒன்று கிடக்கிறது. கிழவியின் தங்கை லிசவேத்தா, அக்காவின் வீட்டில் அடிமைபோல் உழைத்தவள், எதிர்பாராமல் உள்ளே வந்ததால் வெட்டப்படுகிறாள். இவள் நினைவு தனக்கு ஏன் வருவதேயில்லை என்று ரஸ்கோல்னிகோவே ஒருமுறை வியக்கிறான். பிக்கரின் காதலி பெஸ்ஸியோ கறுப்புப் பெண். அவளை அவன் செங்கல்லால் அடித்தே கொல்கிறான். அவள் பிணத்தை விசாரணை மன்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், வெள்ளைப் பெண்ணின் கொலைக்குச் சான்றாக. தன் உடலை இப்படிப் பயன்படுத்துவதை பெஸ்ஸி வெறுத்திருப்பாள் என்று அந்த இடத்தில் எண்ணிப் பார்ப்பவன், அவளைக் கொன்ற பிக்கர் ஒருவன்தான்.