மண்ணெண்ணெயில் ஓடிய ஹொண்டா

1958இல் ஜப்பானில் அறிமுகமான சூப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்தது எங்கள் வீட்டு ஹொண்டா சி-90. கிளச்சுப் பிடி இல்லாத, அடக்கமான வண்டி. 1990இல் போர் மீண்டும் மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டபோது மண்ணெண்ணெயே அதற்கு உணவாயிற்று. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு உதைத்து, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயில் ஓட்டுவார் அப்பா. அந்தத் துளிகளுக்காகவே ஒரு சிறு போத்தல் எப்போதும் அவருடைய சட்டைப்பையில் இருக்கும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, ஊரே இடம்பெயர்ந்தபோது வண்டி ஓட்டத் தெருவில் இடமில்லை. அம்மம்மாவை அதன்மேல் இருத்தி, நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை உருட்டியே சென்றார். போத்தல் திறக்கப்படவில்லை. தடைக்கால வரலாற்றை எழுதுவோர் இவ்வண்டிகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.