பட்டடையைத் தட்டிப் பார்த்த காது

பழைய பட்டடை ஒன்று விலைக்கு வந்தால், வாங்க வரும் கொல்லர் எடுத்த எடுப்பில் விலையைக் கேட்கமாட்டார். சின்னச் சுத்தியலை எடுத்து அதன் முகத்தில் ஒரு தட்டுத் தட்டுவார். ‘டிங்’ என்று மணிபோல் எழுந்து நாதம் இழுத்தால் பேரம் தொடங்கும். ‘டப்’ என்று அடங்கினால் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடப்பார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த சோதனை இது. நம் சிற்பிகளுக்கும் இது பழகிய வழிதான். தட்டும்போது மணியோசை தந்தால் ஆண் கல், தாளத்தின் ஓசை தந்தால் பெண் கல் என்று பிரித்து, ஓசை எழாத கல்லைச் சிலைக்கு ஆகாது என்று ஒதுக்குவது சிற்ப மரபு.

கொல்லரின் காது அந்த ஓசையில் எதைத் தேடியது? அது தெரிய, அந்தக் காலத்தில் பட்டடை எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் நல்ல பட்டடைக்குப் பெயர்போன இடங்கள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் டட்லியும். ஷெஃபீல்டில் ரிவலின் ஆற்றங்கரையில் இருந்த ‘மவுஸ் ஹோல்’ பட்டறை, தன் பட்டடைகளில் சுண்டெலி உருவத்தைப் பொறித்து அனுப்பியது. டட்லியில் பீட்டர் ரைட்டின் பட்டறை இருந்தது. அங்கெல்லாம் பட்டடையின் உடலைத் தேனிரும்பில் செய்தார்கள். பல துண்டுகளை உலையில் வெண்சூடாகக் காய்ச்சி, சம்மட்டிக்காரர்கள் சுற்றி நின்று அடித்து ஒரே கட்டியாக்குவார்கள். தேனிரும்பு மெதுவானது. அதன்மேல் வைத்து அரிவாளோ லாடமோ அடித்தால் முகம் குழிந்துவிடும். எஃகு உறுதியானது, ஆனால் விலை அதிகம். எனவே முகத்துக்கு மட்டும் எஃகுத் தகட்டை வைத்து, அதையும் காய்ச்சி அடித்தே உடலோடு ஒட்டினார்கள்.

கண்டம் அந்த ஒட்டில்தான் இருந்தது. காய்ச்சிய இரும்பின் மேல் படியும் செதில் இரண்டு பரப்புகளுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டால், அந்த இடம் பிடிக்காது. மேலே பார்த்தால் முகம் கண்ணாடிபோல் வழவழவென்று இருக்கும். நாலு வருஷ அடிக்குப் பிறகு தகடு பெயரும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொய்யைச் சுத்தியல் காட்டிக்கொடுத்தது. முகத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை விரலிடை விரலிடையாகத் தட்டிக்கொண்டே போனால், ஒட்டு விட்ட இடத்தில் மட்டும் நாதம் செத்துப்போகும். சில சமயம் கிழிந்த மத்தளம்போல் கரகரக்கும். உள்ளே விரிசல் இருந்தாலும் அப்படித்தான். நல்ல பட்டடை பாடும் என்ற நம்பிக்கை இந்த அனுபவத்தில் பிறந்தது. அதில் நியாயம் இருந்தது.

அந்த நியாயத்தை ஓர் அமெரிக்கத் தொழிற்சாலை கலைத்தது. நியூ ஜெர்சி மாநிலத்தின் ட்ரென்டனில் மார்க் ஃபிஷர் தொடங்கிய ‘ஈகிள்’ பட்டடைத் தொழிற்சாலை வேறொரு வழியைப் பிடித்தது. எஃகுத் தகட்டை அச்சில் வைத்து, உருகிய வார்ப்பிரும்பை அதன்மேல் ஊற்றி, இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கவைத்தார்கள். 1847இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்கள். பக்கவாட்டில் கழுகு உருவத்தோடு வந்த அந்தப் பட்டடையைத் தட்டினால் ‘டொக்’ என்ற ஓசைதான். சாம்பல்நிற வார்ப்பிரும்புக்குள் கரி மெல்லிய இதழ்களாகப் பரவியிருக்கிறது. அது அதிர்வை அங்கேயே விழுங்கிவிடும். லேத் இயந்திரத்தின் அடிப்பாகத்தை இன்றும் வார்ப்பிரும்பில் செய்வது அதே குணத்துக்காகத்தான்.

மணியோசைக்குப் பழகிய காதுக்கு ஃபிஷர் பட்டடை செத்த பட்டடையாகக் கேட்டதில் வியப்பில்லை. உண்மையில் அது வேலைக்கு உயர்ந்த பட்டடை. சத்தம் எழாததையே அந்த நிறுவனம் தன் சிறப்பாக விளம்பரம் செய்தது. ஓசையை மட்டும் நம்பி அதை விட்டுப்போனவர்கள் நல்ல சரக்கை இழந்தார்கள்.

காது ஏமாறும் இடம் இன்னொன்றும் உண்டு. தீவிபத்தில் சிக்கிய பட்டறையிலிருந்து வந்த பட்டடை முகத்தின் கடினத்தை இழந்திருக்கும், அடித்தால் குழியும். ஆனால் தட்டினால் பழையபடியே ‘டிங்’ என்று பாடும். ஓசையைத் தீர்மானிப்பது வடிவம், எடை, உலோகத்தின் மீள்தன்மை ஆகியவையே. எஃகு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை அந்த ஓசை சொல்லாது. கடினத்தை அறியக் கொல்லர்கள் பேரிங்கின் எஃகுக் குண்டைப் பயன்படுத்துகிறார்கள். 10 அங்குல உயரத்திலிருந்து முகத்தில் குண்டைப் போட்டால், நல்ல பட்டடை அதை 8 அங்குலத்துக்காவது திருப்பி எறியும். பாதி உயரத்துக்குக்கூட எழாவிட்டால் முகம் மெத்தென்று போய்விட்டது என்று பொருள். எறிந்த குண்டு திரும்புவதுபோலவே சுத்தியலும் திரும்பும். நாள் முழுக்க அடிப்பவரின் தோளுக்கு அது பெரிய உதவி.

பழைய பீட்டர் ரைட் பட்டடையை வாங்குகிறவருக்கு எடையை அறியவும் ஒரு வழி இருக்கிறது. அதன் பக்கத்தில் மூன்று எண்கள் பொறித்திருக்கும். முதல் எண்ணை 112ஆலும் இரண்டாவதை 28ஆலும் பெருக்கி, மூன்றாவதை அப்படியே கூட்டினால் பவுண்டு கணக்கு வரும். 1, 2, 10 என்று இருந்தால் 178 பவுண்டு, அதாவது சுமார் 81 கிலோ.

விலை பேசும்போது எந்த நாதத்தைத் தேடினாரோ, பட்டடையைப் பட்டறையில் இறக்கியதும் அதே நாதத்தை அடக்கக் கொல்லர் வழி தேடுகிறார். பட்டடையின் ஒருபுறம் கூம்பாக நீளும் கொம்பும் மறுபுறம் நீளும் வாலும் இசைக்கவையின் கைகளைப்போல அதிர்வதால்தான் அந்த ஓசை காதைத் துளைக்கிறது. இடுப்பில் கனமான சங்கிலியைச் சுற்றுவார்கள். வாலுக்கடியில் பெரிய காந்தத்தை ஒட்டுவார்கள். மரக்கட்டையோடு இறுக்கிப் பிணைப்பார்கள். ஓசை பாதிக்குமேல் அடங்கிவிடும். அடிக்கும் வேலைக்கு ஒரு குறையும் வராது.

அடக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமட்சீனி 1700இலேயே எழுதிவைத்தார். தொழிலாளர்களின் நோய்களைப் பற்றிய அவருடைய நூலில், வெனிஸ் நகரத்தில் நாளெல்லாம் செம்பைத் தட்டும் கன்னார்களின் காது மெல்ல மெல்ல மந்தமாவதையும், முதுமையில் அவர்கள் செவிடாகிப்போவதையும் பதிவு செய்திருக்கிறார். 300 ஆண்டுகளுக்குப் பிறகும் பட்டடையின் ஓசை அதே ஓசைதான், காதும் அதே காதுதான். உங்கள் ஊர்ச் சாலையோரத்தில் துருத்தி வைத்து அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கும் குடும்பம் இருந்தால், அடுத்த முறை போகும்போது இரண்டு ஜோடி காதடைப்பான் வாங்கிப் போங்கள். ஒன்று சுத்தியல் பிடிப்பவருக்கு, மற்றது எதிரே நின்று சம்மட்டி அடிக்கும் அவருடைய மனைவிக்கு.