நான்கு நிமிடச் சுவரும் 2:12:00 என்ற எண்ணும்

ரோஜர் பானிஸ்டர் ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடங்களுக்குள் கடந்ததும் உலக ஓட்டக்காரர்களின் மனத்தடை உடைந்தது என்றும், ஓராண்டுக்குள் பற்பலர் அவரைப் பின்தொடர்ந்தனர் என்றும் ஒரு கதை உண்டு. ஊக்கவுரைகளிலும் மேலாண்மை வகுப்புகளிலும் தவறாது இடம்பெறும் இக்கதை காலவரிசையின் முன் நிற்பதில்லை.

1942 முதல் 1945 வரை மைல் ஓட்டச் சாதனையை மாறி மாறி முறியடித்தவர்கள் குண்டர் ஹெக், ஆர்னே ஆண்டர்சன் என்னும் இரு ஸ்வீடியர்களே. 1937இல் 4:06.4ஆக இருந்த சாதனை 1945இல் 4:01.4ஆகக் குறைந்தது. ஸ்வீடன் போரில் நடுநிலை வகித்ததால் அவர்களால் தடையின்றி ஓட முடிந்தது. பிற நாடுகளின் இளைஞர்களைப் போர் கொண்டுசென்றது. போர் முடிந்தபின், பணம் பெற்று ஓடியதாகக் கூறி அவ்விருவருக்கும் தடை விதிக்கப்பட்டது. அந்த எண் ஒன்பதாண்டுகள் உறைந்து நின்றதை விளக்க மனத்தடையைத் தேட வேண்டியதில்லை.

1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் பானிஸ்டர் 3:59.4இல் ஓடினார். கிறிஸ் பிராஷரும் கிறிஸ் சாட்டவேயும் முன்னே ஓடி அவருக்கு வேகம் அமைத்துத் தந்தனர். 46 நாள்களுக்குப் பின் ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் ஜான் லாண்டி அச்சாதனையை முறியடித்தபோது, அவரை விரட்டிக்கொண்டு ஓடியவரும் அதே சாட்டவேதான். 1954ஆம் ஆண்டு முழுவதிலும் நான்கு நிமிடங்களுக்குள் ஓடியவர்கள் இவ்விருவர் மட்டுமே. மூன்றாமவரைக் காண 1955 மே வரை காத்திருக்க நேர்ந்தது.

அப்படியானால் மனத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு. இத்தாலிய உடலியலாளர் ஆஞ்செலோ மோசோ 1891இல் வெளியிட்ட சோர்வு பற்றிய நூலில், நீண்ட விரிவுரைகளும் வாய்மொழித் தேர்வுகளும் நடத்திய பேராசிரியர்களின் தசைத்திறன் குன்றுவதைப் பதிவு செய்தார். 1920களில் ஏ. வி. ஹில் முன்வைத்த ஆக்சிஜன், லாக்டிக் அமிலக் கணக்குகள் அக்கேள்வியைப் பின்னுக்குத் தள்ளின. 2009இல் சாமுவேல் மார்க்கோராவும் உடனாய்வாளர்களும் அதற்குத் திரும்பினர். 90 நிமிட மூளை உழைப்புக்குப் பின் மிதிவண்டி மிதித்த 16 பேர் சராசரியாக 640 விநாடிகளில் ஓய்ந்தனர். அவ்வுழைப்பு இல்லாத நாளில் அவர்கள் 754 விநாடிகள் தாக்குப்பிடித்திருந்தனர். இதயமும் மூச்சும் ஏறக்குறைய ஒரேமாதிரியே இயங்கின. முயற்சியின் கடுமை குறித்த உணர்வே கூடியிருந்தது. தமிழின் 'சோர்வு' என்ற சொல் உடலையும் உள்ளத்தையும் பிரிக்காமல் சுட்டுவது இவ்விடத்தில் கருதத்தக்கது. உள்ளத்தை மட்டும் குறிக்க விரும்பும்போது 'உளச்சோர்வு' என்று அடைகொடுத்தே சொல்கிறோம்.

ஆனால் மோசோவும் மார்க்கோராவும் காட்டுவது சூழலால் களைக்கும் மனத்தை. ஊக்கவுரை காட்டுவது சூழலே இல்லாத மனத்தை. இவ்வேறுபாட்டை இந்தியாவில் தெளிவாகக் காணலாம். பீகாரைச் சேர்ந்த ராணுவ வீரர் சிவ்நாத் சிங், வெறுங்காலுடன் ஓடிப் பெயர்பெற்றவர். 1976 மொன்றியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11ஆம் இடம் பெற்றார். 1978இல் ஜலந்தரில் 2:12:00 என்ற தேசியச் சாதனையைப் படைத்தார். ஒருவர் செய்துகாட்டினால் தடை உடைந்துவிடும் என்பது மெய்யானால், இந்தியர் பலர் விரைவில் அதைக் கடந்திருக்க வேண்டும். நாற்பதாண்டுகளுக்கு மேலாக அது முறியடிக்கப்படாமல் நின்றது. இயலும் என்பதற்குச் சான்று கண்முன் இருந்தது; சான்று மட்டும் போதவில்லை.

பானிஸ்டருக்கு முன்னே இருவர் ஓடினர். லாண்டியைப் பின்னே ஒருவர் விரட்டினார். நம் ஓட்டக்காரர்களுக்கு முன்னும் பின்னும் யார் இருந்தனர் என்பதே வரலாற்று மாணவர் எழுப்ப வேண்டிய வினா. 'மனவுறுதி போதவில்லை' என்ற விடை அவ்வினாவை எழவே விடாமல் செய்து, நிறுவனங்களின் பொறுப்பைத் தனிமனிதரின் நெஞ்சில் இறக்கிவைக்கிறது. ஆய்வைப் பாதியில் கைவிடும் மாணவர்களைப் பற்றிப் பல்கலைக்கழகங்களில் நாம் பேசும் முறையும் இதிலிருந்து வெகுதொலைவில் இல்லை.